மீராவுக்குக் கொடுக்காத மெழுகுதிரி

1

இங்கே செத்தவீட்டில் நெருப்புக் கிடையாது. ஊரில் இருப்பவர்கள் இதை முதலில் தெரிந்துகொண்டால்தான் நான் சொல்லப்போவது விளங்கும். உடலை வீட்டில் வைப்பதில்லை. மலர்ச்சாலையில் ஒரு மண்டபம் எடுத்து, அவர்கள் கொடுத்த நேரத்துக்குள் பார்வை, கிரியை, அழுகை எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வெளியேற வேண்டும். அடுத்த ஆட்கள் தங்கள் பிணத்தோடு வெளியே காத்திருப்பார்கள். மண்டபத்துக்குள் புகை எழுந்தால் கூரையில் இருக்கும் கருவி கத்தத் தொடங்கும், தீயணைப்பு வண்டி வந்துவிடும். சில இடங்களில் ஒரு சின்ன விளக்குக்கு விடுவார்கள். எங்களுக்குக் கிடைத்த இடத்தில் அதுவும் இல்லை. ஆகவே கற்பூரம் இல்லை, குத்துவிளக்கு வெறும் அலங்காரம், பேரப்பிள்ளைகள் உடலைச் சுற்றி நின்று பிடிக்கிற நெய்ப்பந்தமும் இல்லை.

பந்தத்துக்குப் பதிலாகப் பற்றரி மெழுகுதிரி. டொலர் கடையில் நத்தார்ப் பண்டிகைச் சாமான்களோடு கிடப்பது. அடியில் ஒரு சுவிச் இருக்கும். தட்டினால் உச்சியில் மஞ்சள் வெளிச்சம் நடுங்கும். பேரப்பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு பெட்டியைச் சுற்றி நிற்பார்கள். முதன்முதலாகப் பார்த்தபோது, செத்தவீடு என்றும் பாராமல், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு பழகிப்போனது. இந்த நாட்டில் எனக்கு இன்னும் பழகாதது குளிர் ஒன்றுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை பிக்கரிங்கில் என் அண்ணரின் வீட்டில் அவருடைய ஆட்டைத் திவசம். அவர் போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது. அந்த வருடம் முழுக்க எங்கள் குடும்பத்தில் இருந்தது ஒரே கேள்விதான்: அண்ணரின் மகள் சுமதியும், சுமதியின் மகள் மீராவும் அந்த வீட்டுப் படியை இனி மிதிப்பார்களா? செத்தவீட்டில் அந்தப் பிள்ளைக்கு நடந்ததற்குப் பிறகு அவர்கள் அங்கே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் மனமும் ஒரு நிலையில் இல்லை. எழுதினால் கொஞ்சம் ஆறுமோ என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

அண்ணர் எண்பதுகளில் வந்தவர். என்னைக் கூப்பிட்டு எடுத்ததும் அவர்தான். நான் வந்த புதிதில் ரோட்டில் நடந்துபோனால், காரில் போகிறவர்கள் கண்ணாடியை இறக்கி ‘பாக்கி’ என்று கத்திவிட்டுப் போவார்கள். பாக்கிஸ்தான் எங்கே, பருத்தித்துறை எங்கே! கத்துகிறவனை மறித்துவைத்துப் பூகோளம் படிப்பிக்கவா முடியும்?

அண்ணருக்கு முதல் வேலை காருக்கு உதிரிப்பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில். மேற்பார்வையாளர் ஒருநாள் தமிழ் ஆட்களைக் கூப்பிட்டு, உங்கள் சாப்பாடு நாறுகிறது, இனிமேல் சாப்பாட்டு அறைக்குள் வரவேண்டாம், பின்னால் லொறிகள் வந்து நிற்கும் மேடையில் இருந்து சாப்பிடுங்கள் என்றிருக்கிறார். மாசி மாதம். பனி முழங்காலளவு. வேலை போய்விடும் என்ற பயத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு போய்க் குந்தினார்கள், அண்ணரும் குந்தினார். அப்போது கூட வேலை செய்த வின்ஸ்டன் என்ற ஜமெய்க்காக்காரர் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து அண்ணருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. உங்களுடையது நாறுமென்றால் என்னுடையதும் நாறும் என்றாராம். மறுநாளும் வந்தார். பனிக்காலம் முடியும்வரை வந்தார். மனித உரிமைக்காரரிடம் முறைப்பாடு கொடுக்கலாம் என்று வழி காட்டியதும் அவர்தான், பிறகு சாட்சி சொல்ல வந்ததும் அவர்தான். வழக்கு ஜவ்வாக இழுபட்டு, கடைசியில் நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது.

அண்ணர் இந்தக் கதையைச் சொல்லாத பிறந்தநாள் விழா இல்லை. கேக் வெட்டும்போதே தொடங்கிவிடுவார். பிள்ளைகள் கண்ணை உருட்டுவார்கள். வின்ஸ்டன் இறந்தபோது தேவாலயத்தின் முன்வரிசையில் இருந்து சின்னப்பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதார்.

அப்படிப்பட்ட மனிதனிடம்தான் சுமதி மார்க்கஸைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பல்கலைக்கழகத்தில் கூடப் படித்தவர், உயர்பள்ளி ஆசிரியர், தாய் தகப்பன் ஜமெய்க்காவிலிருந்து வந்தவர்கள். அண்ணர் மார்க்கஸுக்குக் கைகொடுத்தார், தேத்தண்ணி கொடுத்தார், வாசல்வரை போய் வழியனுப்பினார். திரும்பி வந்து என்னைப் பார்த்துச் சொன்னார்:

“வின்ஸ்டன் சிநேகிதன். இது கலியாணம். ரெண்டையும் போட்டுக் குழப்பாதை, வதனி.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “அண்ணை, குளிருக்கை உங்களோடை வந்து குந்தினவன்ரை ஆக்கள். உங்கடை வீட்டுக்குள்ளை மட்டும் வரப்படாதோ?” என்று கேட்டேன். அவர் கராஜுக்குள் போய்ப் பனி தள்ளுகிற சவளைத் துடைத்துக்கொண்டு நின்றார். அது ஆடி மாதம்.

மச்சாள், அதாவது அண்ணரின் மனைவி, ஒரு கிழமை சமைக்கவில்லை. “கறுவல் ஒருத்தனைக் கொண்டுவந்து நிப்பாட்டினால் சனம் என்ன சொல்லும்?” என்று அழுதா. கறுவல். எங்கள் ஆட்கள் வாயில் தண்ணீர் பட்ட பாடாக வருகிற சொல் இது. சொல்கிறவர்களின் நிறத்தைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும். அண்ணரே நல்ல அடுப்புக்கரி நிறம். அவருக்குப் பெண் பார்த்த காலத்தில் ‘பெடியன் கொஞ்சம் நிறம் குறைவு’ என்று இரண்டு வீட்டில் தட்டிவிட்டிருந்தார்கள். இங்கே அரசாங்கப் படிவங்களில் எங்களையும் மார்க்கஸின் ஆட்களையும் ‘கண்ணுக்குத் தெரியும் சிறுபான்மை’ என்று ஒரே பெயரில்தான் போடுவார்கள். படிவத்தில் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிட்டோம். பந்தியில்தான் முடியவில்லை.

சுமதியின் கலியாணம் நகரசபையில் பதிவோடு முடிந்தது. எங்கள் பக்கத்திலிருந்து போனது நானும் என் கணவரும் மட்டும். சுமதி மல்லிகைப்பூ வைத்திருந்தாள். எங்கேயிருந்து பிடித்தாளோ தெரியாது. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

3

மீரா பிறந்த பிறகு அண்ணர் இளகினார். சுமதி ஆஸ்பத்திரியில் தாதி, இரவும் பகலும் மாறி மாறி வேலை. பிள்ளையை ஆர் பார்ப்பது என்ற கேள்வி வந்தபோது, ஓய்வு பெற்றுச் சும்மா இருந்த அண்ணர் தானே போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடம் தொடங்கும்வரை அவர் மடியில்தான் அவள் வளர்ந்தாள். அதன் பலன், எங்கள் குடும்பத்துப் பிள்ளைகளில் வாய் நிறையத் தமிழ் பேசுவது மீரா ஒருத்திதான். அண்ணரின் மகன் ரமணனின் பிள்ளைகளுக்கு ‘சாப்பாடு’, ‘குளி’, ‘வா’ தெரியும். கல்கரியில் இருக்கும் என் மகன் போன் எடுத்தால் “அம்மா, சொல்லுங்கோ” என்று தொடங்குவான். இரண்டாவது வசனத்தில் ஆங்கிலத்துக்குப் போய்விடுவான். மூன்றாவதில் மீட்டிங் இருக்கிறது என்பான். மீரா மட்டும் “வதனி அம்மம்மா, முழங்கால் நோ எப்பிடி இருக்கு?” என்று கேட்டு, பதில் முடியும்வரை பொறுத்திருப்பாள்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அண்ணர் அவளை நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார், பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போவார். கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனதில்லை. கலியாண வீடு, சாமத்தியவீடு, எங்கள் சனம் கூடுகிற இடம் ஒன்றுக்கும் கூட்டிக்கொண்டு போனதில்லை.

ஒரு கோடையில் கறுப்பின மக்களுக்கு நீதி கேட்டு நகரத்தில் ஊர்வலம் நடந்தபோது, அண்ணர் முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு, கைத்தடியோடு போய் நின்றார். மீராவையும் கூட்டிக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்து, “வின்ஸ்டனுக்காகப் போனனான்” என்றார். அத்தனை ஆயிரம் பேருக்கு நடுவில் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதனுக்கு, அதே கையைப் பிடித்துக்கொண்டு கோயில் வீதியில் நடக்க மனம் வரவில்லை. எனக்கு அவர்மேல் உயிர். ஆனாலும் இதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது.

மீரா வளர வளர அவளுக்கும் விளங்கத் தொடங்கியது. ஒருநாள் அஜின்கோர்ட்டில் என் வீட்டுக்குப் பக்கத்துத் தமிழ்க் கடைக்கு அவளை அரிசிமா வாங்க அனுப்பினேன். நான் வெளியே காரில் இருந்தேன். முழங்கால் அன்றைக்குச் சரியில்லை. அவள் வர நேரமாகிறதே என்று இறங்கிப் போனால், கடைக்காரர் அலுமாரிகளுக்கு நடுவே அவள் போகிற இடமெல்லாம் பின்னால் போய்க்கொண்டிருக்கிறார். காசு வாங்குகிற பிள்ளையிடம் உரத்துத் தமிழில் சொல்கிறார்:

“உவளிலை ஒரு கண் வைச்சிரு பிள்ளை. உதுகள் கோட்டுக்குள்ளை ஒளிச்சுக்கொண்டு போயிடுங்கள்.”

மீரா திரும்பி, இரண்டு கையாலும் மாப் பையைத் தூக்கிக் காட்டினாள்.

“நான் இதை மட்டும்தான் எடுத்தனான், அங்கிள். அம்மம்மாவுக்குப் புட்டு அவிக்க.”

அந்த மனிதனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவர் அசடு வழிந்துகொண்டு, “எங்கடை பிள்ளை எண்டு தெரியாது அக்கா” என்றார். எங்களுடைய பிள்ளை இல்லையென்றால் சரியா என்று கேட்டேன். மீரா மாப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். அன்றைக்குப் புட்டை நன்றாகச் சாப்பிட்டாள்.

4

செத்தவீட்டன்று எல்லாவற்றையும் ஓடியாடிப் பார்த்தது மச்சாளின் தம்பி பரமேஸ். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். ஆருக்கு என்ன ஆபத்து என்றாலும் முதலில் வந்து நிற்பவன். குடும்பத்தில் எந்தக் காரியமென்றாலும் ஒலிவாங்கி அவன் கையில்தான்.

காலையிலேயே பெட்டி தூக்க ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருந்தான். எங்கள் ஆண்களில் ஒருவருக்குக் குனிந்தால் நிமிர முடியாத நாரி நோ, ஒருவருக்கு இதயத்தில் குழாய். பரமேஸ் மார்க்கஸின் தோளில் தட்டி, நீ பலமான ஆள், முன்பக்கம் பிடி என்று ஆங்கிலத்தில் சொன்னான். மார்க்கஸ் தலையாட்டினார். பக்கத்தில் நின்ற எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. கடைசியில் மருமகனாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

கிரியை நடந்து, பந்தம் பிடிக்கிற கட்டம் வந்தது. மூத்த பேரப்பிள்ளையை முதலில் கூப்பிட்டுத் தலைமாட்டில் நிறுத்துவது எங்கள் வழக்கம். மூத்தது மீரா, பதின்மூன்று வயது. வெள்ளைச் சட்டை போட்டு, தலைமயிரைச் சின்னச் சின்னப் பின்னலாகப் பின்னி ஒன்றாகக் கட்டியிருந்தாள். பரமேஸ் ஒலிவாங்கியில் ரமணனின் மகனைக் கூப்பிட்டான். பிறகு ரமணனின் மகளை. பிறகு பேரன் பேத்தி முறையான மற்றப் பிள்ளைகளை. மூன்று வயதுக் குழந்தையைக்கூடத் தூக்கிப்பிடித்து அதன் கையில் ஒரு மெழுகுதிரியை வைத்தார்கள். மீரா தானாகவே ஒரு அடி முன்னால் போய், கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவளுடைய பெயர் வரவில்லை.

நான் எழுந்து பரமேஸிடம் போனேன். “மீராவை விட்டிட்டாயடா” என்றேன் மெதுவாக. அவன் ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு, “உவளுக்கு வேண்டாம் அக்கா. உவளின்ரை தலைமயிர் பஞ்சு மாதிரி. நெருப்புக் கிருப்புப் பட்டால் பிடிச்சிடும்” என்றான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் என் குரல் என் கட்டுப்பாட்டில் இல்லை.

“எந்த நெருப்படா? பற்றரி நெருப்போ?”

ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். ஆரோ ஒரு பெடியன் சிரித்து அடக்கினான். பரமேஸ் முகம் கறுத்து, பையைத் துழாவி, மிச்சமிருந்த மெழுகுதிரிகளில் ஒன்றை எடுத்து, சுவிச்சைத் தட்டி மீராவிடம் நீட்டினான். மண்டபத்துச் சனம் முழுக்க இப்போது அந்தப் பிள்ளையைத்தான் பார்த்தது. அவளுடைய தலைமயிரைப் பார்த்தது. மீரா நீட்டிய கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“வேண்டாம்” என்றாள்.

அழவில்லை. அவ்விடத்திலேயே நின்று, அம்மப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெட்டி மூடும் நேரம் வந்தது. மார்க்கஸ் சொன்ன சொல் தவறாமல் முன்பக்கத்தைத் தூக்கினார். தூக்கிக்கொண்டு போகும்போது அவருடைய தாடை இறுகியிருந்ததைப் பார்த்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அங்கே நடந்தது என்னவென்று அறிய மொழி தேவைப்படவில்லை.

தகனம் முடிந்து கார் நிற்கும் இடத்தில் அவர் என்னிடம் வந்து நன்றி சொன்னார். நீங்கள் கேட்டது சரி என்றார் ஆங்கிலத்தில். ஆனால் இதை நாங்கள் ஒவ்வொரு இடத்திலும் கேட்டுக் கேட்டே வாங்க வேண்டியிருக்கிறது அன்ரி. என் தகப்பனும் கேட்டார், நானும் கேட்கிறேன். என் மகள் அழுவதற்காக வந்த இடத்திலாவது அவளுக்காக ஒருவரும் கேட்கத் தேவையில்லாமல் இருந்திருக்கலாம் என்றார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர்தான் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிட்டது. கொடுமையைப் பாருங்கள்.

5

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குச் சுமதி வரவில்லை. தைப்பொங்கலுக்கு வரவில்லை. மச்சாள் போன் பண்ணினால் எடுப்பாள், நலம் கேட்பாள், வைத்துவிடுவாள். திவசத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது மச்சாள் என்னைக் கூப்பிட்டா.

“வதனி, என்னைச் சுமதி வீட்டை ஒருக்காக் கூட்டிக்கொண்டு போறியே?”

சுமதி குடும்பம் இப்போது ஸ்ரௌவ்வில்லில். புது வீடுகள், கார் இல்லாமல் ஒரு பால் போத்தல்கூட வாங்க முடியாத இடம். மச்சாள் உளுந்துவடை சுட்டுப் பெட்டியில் அடுக்கி மடியில் வைத்திருந்தா. மார்க்கம் நகரம் தாண்டி வெளிக் காணிகள் தொடங்கியதும், கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னா:

“பரமேசை இனி ஏசாதை. அவன் வெறும் வாய்தான். சொன்னது நான்.”

நான் காரின் வேகத்தைக் குறைத்தேன்.

“ரமணன்ரை மாமியார் வீட்டுச் சனம் முன்வரிசையிலை இருந்தது. லண்டனிலையிருந்து வேறை ஆக்கள் வந்திருந்தவை. உவளைத் தலைமாட்டிலை நிப்பாட்டினால், ஆர் உந்தப் பிள்ளை எண்டு கேப்பினம். சனம் கதைக்கும் எண்டு பயந்திட்டன். விட்டிடு எண்டு நான்தான் தம்பியிட்டைச் சொன்னனான். தலைமயிர்க் கதை அவன் தன்ரை பாட்டிலை கட்டினது.”

“அதுக்காக, மச்சாள், நீங்கள் பெத்த பிள்ளையின்ரை பிள்ளையை…”

“அவர் உயிரோடை இருந்திருந்தாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பார்” என்றா மச்சாள்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அண்ணர் தன் தலைமாட்டில் ஆரை நிறுத்தச் சொல்லியிருப்பார்? மீராவைத் தோளில் தூக்கி வளர்த்த மனிதன். ஊர்வலத்துக்குக் கூட்டிக்கொண்டு போன மனிதன். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. என் கூடப்பிறந்தவரைப் பற்றி எனக்கு இது தெரியவில்லையே என்ற துக்கம், அவர் செத்ததைவிடப் பெரிதாக இருந்தது.

“சரி. இப்ப என்னட்டைச் சொன்னதை அங்கை போய் அவையிட்டைச் சொல்லுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்” என்றேன்.

“ஓம்” என்றா. “சொல்லத்தானே போறன்.”

கதவைத் திறந்தது மீரா. ஒரு வருடத்தில் தாயின் உயரத்துக்கு வந்துவிட்டாள். என்னைக் கட்டிப்பிடித்தாள். மச்சாளையும் கட்டிப்பிடித்தாள், கொஞ்சம் இடைவெளி விட்டு. மச்சாள் அவளுடைய கன்னத்தைத் தடவி, “என்ன பிள்ளை, மெலிஞ்சு போனாய்” என்றா. மெலியவில்லை. உள்ளே போய் இருந்தோம். சுமதி தேத்தண்ணி போட்டாள். மார்க்கஸ் வேலையால் இன்னும் வரவில்லை. மச்சாள் வடைப் பெட்டியைத் திறந்தா. இந்த முறை பனி பிந்தித்தான் போகும் என்றா. இந்தப் பக்கம் வீட்டு விலை எப்படி என்று கேட்டா. நான் அவவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வா, இந்தா இப்போது என்று. தேத்தண்ணி ஆறிப்போனது.

கடைசியில், “ஆட்டைத் திவசத்துக்கு எல்லாரும் வாங்கோ” என்றா. “அம்மப்பாவுக்குச் செய்யிறது. நீ கட்டாயம் வரவேணும், மீரா.”

மீரா வடையைத் தட்டில் வைத்தாள்.

“அம்மம்மா, நான் வந்தா எங்கை நிக்கிறது?”

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். சுமதி தாயைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மச்சாளின் உதடு அசைந்தது. எத்தனையோ வருடமாகச் சனத்துக்குப் பயந்தே பேசிய வாய்.

“அது… வந்தாப் பாப்பம், பிள்ளை” என்றா.

மீரா தலையை ஆட்டினாள். “ஓகே” என்றாள். ஹோம்வேர்க் இருக்கிறது என்று சொல்லி, தட்டைக் கழுவிவைத்துவிட்டு மேலே போய்விட்டாள்.

சுமதி என்னைக் கார்வரை கொண்டுவந்து விட்டாள். “மாமி, உங்களோடை எனக்குக் கோவமில்லை. அம்மாவோடையும் இல்லை. களைச்சுப்போனன். ஸ்கூலிலை ஒரு பிள்ளை அவளின்ரை தலைமயிரை இழுத்துப்போட்டுச் சிரிச்சதெண்டு போன மாசம் பிரின்சிப்பலோடை சண்டை பிடிச்சிட்டு வந்தனான். வெளியிலை சண்டை பிடிக்கலாம், மாமி. பெத்த தாயின்ரை வீட்டிலையும் பிடிக்க எனக்கு ஏலாது. அவள் போவம் எண்டால் வாறன். இழுத்துக்கொண்டு வரமாட்டன்.”

திரும்பி வரும்போது மச்சாள் வழி நெடுக அழுதா. “வாய் வரேல்லையடி. வாய் வரேல்லை” என்று திரும்பத் திரும்பச் சொன்னா. எனக்குக் கோபமும் இரக்கமும் ஒன்றாக வந்தது. எதை முதலில் காட்டுவதென்று தெரியவில்லை.

6

திவசத்தன்று காலை, நான் வெளிக்கிட்டுக்கொண்டிருக்கும்போதே சுமதியின் செய்தி வந்துவிட்டது. மீரா வரவில்லை மாமி, அவளை விட்டுவிட்டு நானும் வரமாட்டேன், அப்பாவுக்கு நாங்கள் இங்கே விளக்கு வைக்கிறோம், அம்மாவிடம் நீங்கள் பக்குவமாகச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாள். என்ன பக்குவம்? எப்படிச் சொன்னாலும் அது அதுதானே.

பிக்கரிங் வீட்டில் சனம் நிரம்பியிருந்தது. ரமணன் குடும்பம், அவனுடைய மாமியார் வீட்டார், பரமேஸ், அயலட்டை, அண்ணரோடு வேலை செய்த பழைய ஆட்கள். வாசலில் சப்பாத்துக்கள் குவிந்து கிடந்தன. மச்சாளைத் தனியாகப் பிடித்துச் சொல்லலாம் என்றால், குசினிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டேயிருந்தா. இரண்டு தரம் கிட்டப் போனேன். இரண்டு தரமும் ஆரோ வந்து எதையோ கேட்டார்கள். மூன்றாம் தரம், உண்மையைச் சொன்னால், நானே பின்வாங்கிவிட்டேன்.

ஐயர் எல்லாவற்றையும் பரப்பி வைத்துவிட்டு நிமிர்ந்தார். இது முடிய அவருக்குப் பிரம்டனில் இன்னொரு வீட்டுக் கிரியை இருந்தது.

“அப்ப துவங்குவமே?”

“ஓம் ஐயா, துவங்குங்கோ. எல்லாரும் வந்தாச்சு” என்றான் பரமேஸ்.

“இல்லை” என்றா மச்சாள்.

கூடத்துக்கு நடுவில் வந்து நின்றா. கையில் சுளகோ தட்டோ ஒன்றும் இல்லை; சேலைத் தலைப்பை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தா.

“பொறுங்கோ ஐயா. என்ரை மூத்த பேத்தி இன்னும் வரேல்லை.”

ரமணனின் மாமியார், தன் பேத்தி அங்கேதானே இருக்கிறாள் என்பதுபோலத் திரும்பிப் பார்த்தா. “அக்கா…” என்று பரமேஸ் மெல்ல அவவின் கையைத் தொட்டான். மச்சாள் கையை எடுத்துவிட்டா. அவ சொன்னது கடைசி மூலையில் இருந்தவருக்கும் கேட்டது.

“மீரா. சுமதியின்ரையும் மார்க்கஸின்ரையும் மகள். அவரின்ரை மூத்த பேத்தி. போன முறை அவளை நிக்க விடாமல் செய்தது நான். அவள் வந்து முன்னுக்கு நிண்டாப்பிறகு துவங்குவம்.”

இத்தனை வருடத்தில் மார்க்கஸின் பெயரை மச்சாள் வாயால் நான் கேட்டது அதுதான் முதல்தரம். ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மச்சாளைப் பார்த்தார், சரி அம்மா என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். மச்சாள் போய் வாசல் கதவைத் திறந்து வைத்தா. குளிர்காற்று உள்ளே வந்தது. ஆரும் மூடச் சொல்லவில்லை.

சுமதியின் செய்தி என் கைப்பைக்குள் போனில் இருந்தது. நான் எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். எழும்ப முடியவில்லை. அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும், எந்தச் சனம் கதைக்குமென்று மச்சாள் இவ்வளவு காலமும் பயந்தாவோ அந்தச் சனம் முழுக்க, அந்தப் பிள்ளை வருவாள் என்று திறந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.